சீனத்தான் கடையில் இராசநாயகத்தார் கை நனைத்த வரலாறு

உ
சிவமயம்

கொடிகாமம்,
1938, ஆனி.

ஈப்போவில் தோட்டக் கந்தோர்க் கணக்கைத் தாங்கி நிற்கும் அன்பு மைத்துனர் தியாகராசாவுக்கு மார்க்கண்டு வணக்கத்துடன் எழுதுவது. உமது தங்கை நாகேஸ்வரி, மகள் பத்மாசினி, பசு, கன்று யாவரும் பிள்ளையார் காவலில் சுகம். நீரும் மச்சாளும் பிள்ளைகளும் அவ்விடம் சுகமாயிருக்க அதே பிள்ளையாரைத்தான் கேட்டிருக்கிறோம். அவருக்கு வேலை கூடினாலும் பார்த்துக்கொள்வார்.

மச்சான், நான் வென்றுவிட்டேன். பத்மாசினியின் கலியாணம் முற்றாகிவிட்டது.

அரியாலை இராசநாயகத்தாரைப் பற்றி முன்னமே எழுதியிருந்தேன். மலாயா ரெயில்வேயில் இருந்து பென்சன் எடுத்து வந்தவர். மகன் கொழும்பிலே கிளாக்கர், நல்ல பொடியன், சாதகமும் பொருத்தம். ஆனால் தகப்பன் பிடி கொடுக்கிற ஆளில்லை. நமது வழக்கம் உமக்குத் தெரியும்: சம்பந்தம் முற்றாகும் மட்டும் ஒரு பகுதியார் வீட்டில் மற்றப் பகுதியார் கை நனைக்கமாட்டார்கள், நனைத்தால் பேச்சை மாற்ற முடியாது. மாசியில் வந்தார், உமது தங்கை கூழ் காய்ச்சினாள், தொடவில்லை. சித்திரையில் வந்தார், நண்டுக் குழம்பு வைத்தாள், மணத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு அயலட்டை முழுவதும் வந்து சட்டியை வழித்துவிட்டு, "மாப்பிள்ளை பகுதி இன்னும் கை நனைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போகும். பத்மாசினி கிணற்றடிக்குப் போகிறதையே குறைத்துவிட்டாள்.

இப்படியிருக்கையில் அவரே ஒரு வழி சொன்னார். "மார்க்கண்டர், உங்கடை வீட்டிலையும் வேண்டாம், என்ரை வீட்டிலையும் வேண்டாம். பட்டணத்திலை, பெரிய கடையடியிலை ஒரு சீனத்தான் மீக் கடை திறந்திருக்கிறான். அங்கை ரண்டு தடியாலை சாப்பிடுறது. கையும் நனையாது, வழக்கமும் கெடாது. ஆறுதலா இருந்து கதைப்பம்." நானும் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லும்போதே எனக்குள்ளே ஒரு யோசனை முளைத்துவிட்டது. தடி வழுக்கினால் கைதானே உள்ளே போகவேண்டும்? அவர் வழுக்கவேண்டும், நான் வழுக்கக்கூடாது. வீட்டிலே இரண்டு ஈர்க்கை முறித்து இடியப்பத்தில் பழகத் தொடங்கினேன். நாகேஸ்வரி பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, உதென்ன கோலம்? கடவுள் அஞ்சு விரல் தந்தது காணாதோ?" என்றாள். உமது தங்கைக்கு இராசதந்திரம் விளங்காது. அவளைக் குறை சொல்லவில்லை, உங்கள் குடும்பத்திலேயே அது கொஞ்சம் குறைவு.

வெள்ளிக்கிழமை தவிர்த்து ஒரு நாள் பார்த்து, தரகர் நாகலிங்கத்தைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரச் சீனத்தான் முன்பு துணி மூட்டை சைக்கிளிலே கட்டிக்கொண்டு வல்வெட்டித்துறை வரைக்கும் திரிந்தவன், ஆகையால் தமிழுக்குக் குறைவில்லை. "வாங்கோ ஐயா, வாங்கிலை இருங்கோ, இறால் போட்டது தரட்டோ?" என்று கேட்டுக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தான். உமக்கு அவ்விடத்தில் பழகியிருக்கும், எனக்கோ மீ என்பது என்னவென்றால், இடியப்பம் பிழிந்தவன் நிறுத்த மறந்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி. நுனியும் இல்லை அடியும் இல்லை. ஒரு இழையைப் பிடித்து இழுத்தேன், வந்தது, வந்தது, நான் வாங்குப் பலகையை விட்டு எழும்பியும் வந்துகொண்டேயிருந்தது. சம்பல் உண்டோவென்று கேட்டேன், மிளகாய் அரைத்த கூட்டொன்று தந்தான், அது நாக்கைத் தொட்டதும் என் பாட்டனார் முகம் கண்ணுக்கு முன்னே வந்து போயிற்று. சொதி கேட்டேன், கோப்பைக்குள்ளே கிடக்கிறதுதான் சொதி என்றான். இருந்தாலும் ஈர்க்குப் பழக்கம் வீண்போகவில்லை. கொழுவியும் சுற்றியும் ஒருமாதிரி வாய்க்குக் கொண்டுபோனேன், கை காய்ந்தபடியே இருந்தது.

மலாயாக்காரரோ தடியைத் தூக்கினார், மீ வழுக்கிச் சால்வையில் விழுந்தது. பிறகும் தூக்கினார், இறால் பாய்ந்து நாகலிங்கத்தின் மடியில் இருந்தது. நாகலிங்கம் அதை மரியாதையாக எடுத்துச் சாப்பிட்டார். நான் பிள்ளையாரை மட்டும் நினைத்தேன், மச்சான். கடைசியில் மனிதர் தடி இரண்டையும் எறிந்துவிட்டு, "பசி வந்தால் மலாயாவாவது மண்ணாங்கட்டியாவது" என்று மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டுப் பிசைந்தார். சாப்பிட்டு முடிய, சீனத்தான் செம்பிலே தண்ணீர் வார்க்க, வாசலிலே எல்லாரும் காணக் கை கழுவினார்.

"நாகலிங்கம், பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஓம். கை நனைஞ்சு போச்சு. சம்பந்தம் முற்று," என்றார் நாகலிங்கம்.

இராசநாயகத்தார் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும். நீங்கள் பொல்லாத ஆள், சம்பந்தி," என்றார். சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அது மிளகாயால் அல்ல. உடனே நண்டு ஒரு தட்டம், பொரித்த இறால் ஒரு தட்டம், பிறகு சம்பந்தி ஆசைப்பட்டாரென்று இன்னொரு மீ எல்லாம் என் காசிலே வரவழைத்தேன். பெண் பகுதி சந்தோஷம் கொண்டாடாமல் வேறு யார் கொண்டாடுகிறது? மனிதர் நன்றாகவே சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து சொல்லவும் நாகேஸ்வரி ஈர்க்கு இரண்டையும் எடுத்துச் சுவாமியறையில் வைத்துவிட்டாள். பத்மாசினி இன்று கிணற்றடியில் பாட்டுப் பாடியபடி தண்ணீர் அள்ளினாள். அயலட்டை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது, பார்க்கட்டும்.

ஆகையால் ஆவணியிலே தாலிக்குப் பொன்னுருக்கு வைக்க எண்ணம். நீர் லீவு எடுத்துக் குடும்பத்தோடு வந்து மாமன் முறைக்கு நிற்கவேண்டும். வரும்போது மருமகளுக்கு அவ்விடத்துப் பட்டுச்சேலை ஒன்று, இளம் பச்சை நிறத்தில், கொண்டுவாரும். மச்சாளுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உமக்கு நீண்ட ஆயுளும் சீக்கிரமே கப்பலும் கிடைப்பதாக.

இப்படிக்கு,
வெற்றியோடு,
உமது மைத்துனன்
வீ. மார்க்கண்டு

பிற்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் பட்டணம் வந்தவன், தண்ணீர் வார்த்தவன் ஆயிற்றே என்று சீனத்தானுக்கும் கலியாணத்துக்குச் சொல்லிவிட்டுப் போகலாமென்று அவன் கடைக்குள் நுழைந்தேன். "மகளை ஆற்றை மகனுக்குக் குடுக்கிறியள், ஐயா?" என்றான். அரியாலை இராசநாயகத்தாரின் மகனுக்கு என்றேன். தோளிலே கிடந்த துவாயை எடுத்து வாங்கைத் துடைத்து, என்னை இருத்திவிட்டுச் சொன்னான்: "போன கிழமை சாவகச்சேரிப் புகையிலைக்காரர் வந்து இதே கலியாணத்துக்குச் சொன்னவர். அதுக்கு முதல் சங்கானைப் பள்ளிக்கூடச் சட்டம்பியார். கடையிலை கை நனைச்சது கணக்கில்லையாம் எண்டு அவை ரண்டு பேருக்கும் இராசநாயகம் ஐயா மறுமொழி சொல்லிப்போட்டார்." அப்படியென்றால் தடி வழுக்கினது என்று கேட்டேன். "பொம்பிளையின்ரை தகப்பன் வந்தால் வழுக்கும். தனிய வாற நாளிலை கடைசி இழை மட்டும் தடியாலைதான் சாப்பிடுவார்," என்றான்.

உறையில் முத்திரை ஒட்டிவிட்டேன், அதனாலே கிழிக்க மனமில்லை. சேலை வாங்கினால் மச்சாளே உடுக்கட்டும். பிள்ளைக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இந்த வாங்கிலேயே இருந்து எழுதுகிறேன். இப்படிக் கலியாணம் சொல்ல வருகிற தகப்பன்மாரிடம் சீனத்தான் காசு வாங்குவதில்லையாம். எனக்கும் ஒரு கோப்பை மீ கொண்டுவந்து வைத்திருக்கிறான், தடி வைக்கவில்லை.