கிளட்ச் கெட்டி

"சாவியைக் குடுங்கப்பா."

மேத்யூவின் கையிலிருந்த தோசைத் துண்டு சட்னிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அடுக்களையில் கரண்டிச் சத்தமும் நின்றது.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், வண்டிச் சாவியை மட்டும் கேட்கக் கூடாது. மகள் பிளெசிக்குப் பேச்சு வந்த நாள்முதல் அம்மா மெட்டில்டா இதைச் சொல்லி வருகிறாள். கடைசியாகக் கேட்டவர் மெட்டில்டாவின் அண்ணன் ஜெர்சன். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டுக்கென்று மேத்யூவின் பிக்கப் வண்டியை வாங்கிப் போனவர், போலாரம் சபையின் இரும்புக் கேட்டையும் சேர்த்துக் கோயிலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். ஆறு வருடமாக மேத்யூ அவரிடம் 'ஸ்தோத்திரம்' தவிர வேறு வார்த்தை பேசியதில்லை.

"ஏட்டி, கேக்கப்பிடாதுன்னு சொன்னம்லா" என்றாள் மெட்டில்டா உள்ளிருந்து.

"அப்பா முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னாரு? கிளட்சை மிதிக்கப்பிடாதுன்னாரு. கையாலயா மிதிக்க முடியும்? நான் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆவுது. நான் ஓட்டுதேன்."

"எடுத்தல்லா, பர்ஸுல பத்திரமா வை" என்றார் மேத்யூ. "நம்ம குடும்பத்துல முதல் டிகிரி நீ. அது ஸ்டியரிங் பிடிக்கதுக்கா?"

"இப்ப மட்டும் என்ன செய்யுதேன்? இன்சூரன்ஸ் ஆபீசுல உக்காந்து எவனோ இடிச்ச வண்டிக்கு கிளெயிம் டைப் பண்ணுதேன். அதுக்கு இடிக்காம ஓட்டுதது மேல்."

மேத்யூ தோசையை மென்று முடித்தார். கை கழுவினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு மேலே தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இந்த வண்டியை எவரும் தொட வேண்டாம். புது வண்டி பாப்போம்."

அவருடைய அகராதியில் 'பாப்போம்' என்றால் 'மாட்டேன்'. பிளெசி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

ஆனால் இந்த முறை பார்த்தே ஆக வேண்டியிருந்தது. ஜீடிமெட்லாவில் மருந்துப் பெட்டிகளை ஏற்றி, சித்திப்பேட்டைக் கடைகளில் இறக்கிவிட்டு வருவது மேத்யூவின் பிழைப்பு. போய்வர இருநூறு கிலோமீட்டர், ஞாயிறு மட்டும் ஓய்வு. வண்டிக்குப் பத்து வயது. ஐந்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து எட்டு வயதுக்கு மேற்பட்ட வண்டியைக் கேட்டுக்குள் விடமாட்டோம் என்று மருந்துக் கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது. மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் வண்டி வரவில்லையென்றால் அந்த லோடு வேறொருவனுக்குப் போய்விடும்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பினால், பிளெசியின் கறுப்புக் கட்ஷூவில் இடது காலைக் காணவில்லை. வலது கால் மட்டும் வாசலில் அநாதையாகக் கிடந்தது.

"லட்டுதான்" என்றாள் மெட்டில்டா தீர்மானமாக. லட்டு பக்கத்து வீட்டு நாய்.

பிளெசி பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டினாள். ரமா மாமி கோலப் பொடியோடு வந்தாள்.

"எங்க லட்டு தோலைத் தொடாதும்மா. பிறந்ததிலேருந்து தயிர் சாதம்."

"அது ரெக்ஸின், மாமி."

"ரெக்ஸினா? அப்ப விசாரிக்கறேன்" என்றாள் மாமி, கவலையோடு.

பிளெசி பாத்ரூம் செருப்போடு ஆபீசுக்குப் போனாள். அந்தக் கோபத்தையும் சேர்த்து வண்டி தேடுவதில் காட்டினாள். கம்ப்யூட்டரில் பதினோரு கட்டம் போட்டு ஓர் அட்டவணை செய்தாள். லோடு ஏற்றினால் லிட்டருக்கு எத்தனை ஓடும், மேட்சலிலிருந்து சித்திப்பேட்டை வரை சர்வீஸ் சென்டர் எத்தனை, ஸ்பேர் ஒரே நாளில் கிடைக்குமா. இரண்டு சாயங்காலம் ஜீடிமெட்லா லாரி ஸ்டாண்டில் நின்று, மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஒவ்வொரு பிக்கப் டிரைவரையும் மடக்கி விசாரித்தாள். "அரே பேட்டி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக்கூட இப்படி விசாரிக்க மாட்டாங்க" என்றார் ஒரு பெரியவர்.

சனிக்கிழமை முதல் ஷோரூம். அட்டவணையில் முதலிடம் வாங்கிய வண்டி. பிளெசி விற்பனைக்காரனிடம் டைமிங் செயினைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க, மேத்யூ டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுக் குனிந்து கிடந்தார். வெளியே அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

"வயரிங் பாக்கீங்களாப்பா?"

"ம்."

நிமிர்ந்து, கொண்டுவந்த மஞ்சப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கிளட்ச் கெட்டி. வா போவோம்."

முட்டிதான் காரணம் என்று பிளெசிக்குப் பட்டது. மருந்துக்கடையில் முட்டிப் பட்டை ஒன்று வாங்கி அவரைக் கட்டாயப்படுத்தி மாட்டிவிட்டாள். வம்பு அங்கேதான் வந்தது. ஞாயிறு ஆராதனைக்கு அந்தப் பட்டையோடு விறைத்து நடந்து வந்த மேத்யூவைப் பார்த்து யாரோ ஜெபக் குறிப்பில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். முதல் ஜெபத்தில் 'கால் வலி'. இரண்டாவது ஜெபத்தில் 'கால் ஆபரேஷன்'. முடிவு ஜெபத்தில் போதகர், மேத்யூ மறுபடி எழுந்து நடக்க வேண்டுமென்று கண்ணீரோடு வேண்டினார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேத்யூவும் எல்லாரோடும் சேர்ந்து 'ஆமென்' சொன்னார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மருந்துக் கம்பெனி சூப்பர்வைசர் சிலாஸிடமிருந்து போன். அவரும் அதே சபைதான்.

"அண்ணே, காலை எடுக்காங்களாமே. வேற வண்டி ஏற்பாடு பண்ணட்டுமா?"

"காலு ரெண்டும் இருக்கு சிலாஸ்."

"எதுக்கும் வியாழக்கிழமைக்குள்ள வண்டி யாருது, டிரைவர் யாருன்னு எழுதிக் குடுத்துருங்க. மேலிடத்துல கேக்காங்க."

பன்னிரண்டு நாளில் மிச்சமிருந்தவற்றையும் பிளெசியின் முட்டிப் பட்டை தின்றுவிட்டது. இனி மூன்றே நாள்.

அன்று மாலையே இரண்டாவது ஷோரூம். கிளட்ச் இலகுவாக இருக்கும் வண்டியாகத் தேடிப் பிடித்திருந்தாள். மேத்யூ மறுபடி மஞ்சப் பையோடு குனிந்தார், நிமிர்ந்தார்.

"சீட்டு முன்னால வரல்ல."

"நீங்க ஆறடிப்பா. உங்களுக்கு எதுக்கு சீட்டு முன்னால வரணும்?"

"வரணும்."

"வேணும்னே சாக்கு சொல்லுதீங்க. அந்தப் பழைய டப்பாவை விட மனசில்ல. லோடு போனாலும் பரவால்ல, முட்டி போனாலும் பரவால்ல, மக கையில மட்டும் சாவி போகப்பிடாது."

ஷோரூமே திரும்பிப் பார்த்தது. மேத்யூ பையை மடித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் மெட்டில்டா தன் பங்குக்குக் கண்ணை மூடி, வேதத்தைத் திறந்து, விரலை வைத்தாள். பார்வோனின் ரதங்கள் செங்கடலில் மூழ்கும் இடத்தில் விரல் நின்றது.

"அந்த வண்டி நக்கோ, வேண்டாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மேட்சல் சாலையில் மூன்றாவது ஷோரூம். அங்கே வண்டிகளைத் துடைக்கும் தாயம்மாள் கோவில்பட்டிப் பக்கத்து ஆள், இப்போது மல்காஜ்கிரி வாசி. தமிழ் கேட்டதும் துணியும் கையுமாக மேத்யூ பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பிளெசி விற்பனைக்காரன் ஜெயந்திடம் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பா வழக்கம்போல ஸ்டியரிங்குக்குக் கீழே. தாயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்ற இடங்களைவிட இங்கே அதிக நேரம் ஆயிற்று. அதற்குள் சித்திப்பேட்டைக் கடைக்காரரிடமிருந்து போன் வரவே, மேத்யூ அவசரமாக எழுந்து வந்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு லோடுக்குக் கிளம்பிவிட்டார்.

பிளெசி அன்றிரவு சாப்பிடவில்லை. லட்டுவை விசாரித்ததாகவும், அதன் முகத்தில் குற்றவுணர்ச்சி எதுவும் தெரியவில்லை என்றும் ரமா மாமி வந்து சொன்னாள்.

புதன்கிழமை மதியம் ஆபீசில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே பாத்ரூம் செருப்போடு தனியாக மேட்சல் சாலைக்குப் போனாள்.

"நேத்துப் பாத்த வண்டி. புக் பண்ணுங்க."

ஜெயந்த் பாரத்தை எடுத்தான். "யார் பேர்ல மேடம்?"

"என் பேர்ல."

"ஓட்டப்போறது? ஃபாதரா?"

"நான்."

அவன் பேனாவைத் தூக்கினான். "டெய்லி இருநூறு கிலோமீட்டர்னு சொன்னீங்க."

"ஆமா. அதுக்கென்ன, ரோடு ஆம்பளையா பொம்பளையான்னு பாத்தா வழி விடுது?"

"அது இல்ல மேடம். அங்கிள் ஒத்துப்பாரா?"

"ஒத்துக்கிட மாட்டாரு. சாவி என் கையில இருக்கும், அவரு பக்கத்து சீட்டுல காலை நீட்டி உக்காந்து கத்திக்கிட்டே வருவாரு. சித்திப்பேட்டை வரைக்கும் கத்தட்டும். முட்டிக்கு நல்லது."

கையெழுத்துப் போட்டாள். மூன்று இடத்தில் போட வேண்டியதை நான்கு இடத்தில் போட்டாள். பாரத்தின் நகலைப் போட்டோ எடுத்து, 'வண்டி இது, டிரைவர் பிளெசி மேத்யூ' என்று எழுதி சிலாஸுக்கு அனுப்பினாள். இனி யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. எழுந்து நடந்தாள். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், அவர் திருப்பிச் சொல்லப்போவது, அதற்கு இவள் கொடுக்கப்போகும் பதிலடி, எல்லாம் மனசுக்குள் வரிசையாக நின்றன. கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது முதல் வாக்கியத்தை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"யம்மா, நில்லு."

தாயம்மாள் துடைக்கும் துணியை உதறியபடி ஓடி வந்தாள். அவள் கையில் ஒரு மஞ்சப் பை. அதற்குள்ளிருந்து பளபளவென்று துடைத்த கறுப்புக் கட்ஷூ ஒன்றை எடுத்து நீட்டினாள். இடது கால்.

"நேத்து உங்கய்யா இதைக் கையில மாட்டிக்கிட்டு நாப்பது தடவையாவது கிளட்சை அமுக்கிப் பாத்திருப்பாரு, கடைசியில 'இந்த வண்டிதான் எம்மவ காலுக்குத் தோதா இருக்கு'ன்னு சொல்லிட்டு, சந்தோசத்துல இதை உள்ளயே விட்டுட்டுப் போயிட்டாரு."