போகிறவர்களை மட்டும் கடிக்கும் ஜிம்மி

ஏதாவது பேசி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய பேர் உண்டு. நான் வாயைத் திறக்காமலே மாட்டிக்கொண்டவன். அப்படி ஒருமுறை பேசாமல் நின்றதால், எனக்குப் பெண் கொடுக்க வந்த மனிதர் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டார்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குச் சுரங்க வேலை பெர்மனென்ட் ஆகி, நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சாவியோடு கொடுத்த பட்டியலில் ஃபேன் ஒன்று, குழாய் மூன்று என்று எல்லாம் எழுதியிருந்தது. ஜிம்மியை மட்டும் எழுதவில்லை. முன்பு குடியிருந்தவர்கள் வேறு பிளாக்குக்கு மாறியபோது விட்டுப் போன நாய். நானும் அம்மாவும் சாமான் இறக்கியபோது வாலாட்டி எங்களை உள்ளே அழைத்ததே அதுதான்.

ஜிம்மி வருகிறவர்களை ஒன்றும் செய்யாது. திரும்பிப் போகிறவர்களைத்தான் பின்னாலேயே போய்க் கவ்வும். (எதையோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ.) கீரைக்கார அம்மாவின் முந்தானையும் தபால்காரரின் கால்சட்டையும் கிழிந்தன. தோலில் பல் படவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு சங்கிலி வாங்கவில்லை. கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று போர்டும் மாட்டவில்லை. போர்டு வைத்தால் நாலு பேர் நின்று விசாரிப்பார்கள், பதில் சொல்ல வேண்டுமே.

இந்த லட்சணத்தில்தான், காடாம்புலியூரிலிருந்து, எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். முந்திரித் தோப்புக்காரர். கூடவே அவர் மச்சான், தோளில் பலாப்பழத்தோடு.

அன்று காலையே அம்மா ஜிம்மியைக் கொடிக்கயிற்றால் பின்பக்கக் கொய்யா மரத்தில் கட்டியிருந்தாள். எனக்கும் ஒரு கட்டளை போட்டிருந்தாள்: "சம்பந்தம் பேசிட்டுக் கெளம்புறவங்கள பின்னாலேர்ந்து கூப்புட்டுடாதடா. அபசகுனம்."

பேச்சு நன்றாகவே போனது. அதாவது, அவர்கள் பேசினார்கள், நான் தலையாட்டினேன். பின்னால் ஜிம்மி விடாமல் குரைத்தது. பெண்ணின் அப்பாவுக்கு நாய் என்றால் உயிராம்.

"பாவம், கத்திகினே கெடக்குது. அவுத்து வுடுங்க தம்பி."

'கடிக்கும்' என்று ஒரே ஒரு வார்த்தை என் தொண்டை வரை வந்தது. முதல்முறை வீட்டுக்கு வந்த பெரியவர் கேட்டு மறுப்பதா என்று அதை விழுங்கிவிட்டு, போய் அவிழ்த்துவிட்டேன். ஜிம்மி நேராக வந்து அவர் காலடியில் படுத்து, அவர் கொடுத்த முறுக்கைத் தின்றது. நாயைப் பார்த்தாலே வீட்டு மனிதர்களின் குணம் தெரிந்துவிடும் என்று மச்சானிடம் அவர் சொன்னார்.

போய்விட்டு வருகிறோம் என்று இருவரும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்கள். ஜிம்மியும் எழுந்தது. தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் பின்னால் போனது. எனக்கு அந்த நடை தெரியும். கூப்பிட வாயைத் திறந்தேன். அபசகுனம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். (பின்னாலிருந்து கூப்பிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து, பின்னாலிருந்து கடிக்க விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

வேட்டியோடு சேர்த்துப் பெண்ணின் அப்பாவுடைய கெண்டைக்காலில் பல் நன்றாகவே பதிந்தது.

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்துகினேதான நின்ன, ஒரு கொரலு குடுக்கக் கூடாதா? மாப்ள ஊமைன்னு தரகரு சொல்லவே இல்லியே."

அம்மா கடிபட்டவரைக் குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நாய்க்குத் தடுப்பூசி போட்டதுண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். கோபத்தில் நாயை அடித்துக் கொன்றுவிடக் கூடாது, கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும், அதுவரை இவருக்குத் தினமும் வயிற்றில் ஊசி என்றார் டாக்டர்.

அவர் தினமும் பஸ்ஸில் வந்தார். நான் இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் சைக்கிளோடு நின்றேன். இறங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நாய் நல்லாருக்குதா?" என்னை ஒருநாளும் விசாரிக்கவில்லை. கஞ்சி குடித்ததா, தண்ணீரைக் கண்டு மிரள்கிறதா, எத்தனை முறை குரைத்தது என்று வழியெல்லாம் நான் ஒப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே ஆளிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள், அது கடிக்கும் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன். (அவர் பின் கேரியரில் இருந்தார். முகம் தெரியாததால் வந்த தைரியம்.) இதோடு சம்பந்தம் முறிந்தது என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

"எம் பொண்ணாண்டயாச்சும் வாயத் தொறந்து சொல்லுவியா?"

"சொல்றேங்க."

"மொதல்ல ஒரு சங்கிலி வாங்கு."

அன்றே சங்கிலி வாங்கினேன். கேட்டில் போர்டும் மாட்டினேன். பத்தாம் நாள் காலையில் ஜிம்மி வாலாட்டிக்கொண்டு கஞ்சி கேட்டது. அவருக்கு ஊசி நின்றது, கல்யாணம் நிற்கவில்லை. ஜிம்மிக்கும் தடுப்பூசி போட்டேன். அதன் பிறகு யார் எங்கள் வீட்டிலிருந்து எழுந்தாலும், "இருங்க, நாயக் கட்டிட்டு வரேன்" என்று எதிர் வீடுவரை கேட்கும்படி சொல்லப் பழகினேன்.

மாமனார் மட்டும் கடைசிவரை அந்தச் சங்கிலியை நம்பவில்லை. கிளம்பும்போதெல்லாம் ஜிம்மியைப் பார்த்தபடியே, கேட் வரை பின்பக்கமாக நடந்து போவார். ஜிம்மி செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. என் மனைவி வீட்டு ஆட்கள் இன்றும் அப்படித்தான் போகிறார்கள், சிரித்துக்கொண்டே.

எதிர் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்தவர், இது எங்கள் குலவழக்கமா என்று கேட்டார். உட்காரவைத்து முழுக்கதையும் என் வாயாலேயே சொன்னேன். கேட்டு முடித்து எழுந்தவர், வீட்டில் நாயே இல்லாதபோதும், கேட் வரை பின்பக்கமாகத்தான் நடந்தார்.