வைஃபை பெட்டியும் பீரோ சாவியும்

உலகத்திலேயே வைஃபையை மிகப் பாதுகாப்பாக வைத்திருந்த குடும்பம் எங்களுடையதுதான் என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன். வெளியாள் ஒருவன்கூட எங்கள் இணையத்தைத் திருடியது கிடையாது. வெளியாளை விடுங்கள், வீட்டில் இருந்த பதினான்கு பேருக்கே அது எட்டியதில்லை. அப்படி ஒரு காவல்.

வீடு பெரியது. இரண்டு தளம், பதினோரு அறை, ஒரே சமையலறை. அண்ணன் தம்பி மூன்று பேரின் குடும்பங்கள். கூடவே எங்கள் தங்கச்சி. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கும் நடு அறையை அவளுக்கு 'தற்காலிகமாக' ஒதுக்கியிருந்தோம்.

வீட்டின் தலைவர் பெரியண்ணன். முப்பத்தாறு வருஷம் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை நாடா போட்டுக் கட்டி, ஒரு காகிதமும் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். அவர் வகுத்த சட்டம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. விலை கூடின பொருள் எதுவானாலும் அவர் அறையில் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் போய்விட வேண்டும். டார்ச் லைட்டும் அதற்குள்தான். மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு போய் டார்ச்சை எடுப்போம்.

வைஃபை பெட்டி வந்த அன்றே அதையும் உள்ளே வைத்தார். புதுப் போர்வைகளுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில், மிகவும் மரியாதையான இடம். வயர் போக பீரோவின் முதுகில் ஓர் ஓட்டை. அதன் பிறகு யாருக்காவது அவசரமாகச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் அண்ணன் அறைக்குப் போய், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல, பீரோ கதவில் போனை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்போம். அண்ணன் கட்டிலில் படுத்தபடியே, "போயிடுச்சா?" என்று கேட்பார். போயிருந்தால் பெருமையாகச் சிரிப்பார்.

குறைகள் கூடியபோது அண்ணன் 'சிக்னல் மேம்பாட்டுக் குழு' அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர் என் தம்பி. உயரத்தால் அவனுக்குப் பெயர் டவர், மற்றபடி சிக்னலுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. செயலாளர் அடியேன். தங்கச்சியும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தாள். 'தங்கை தேநீருடன் கலந்துகொண்டார்' என்று ஒவ்வொரு முறையும் தவறாமல் பதிவு செய்திருக்கிறேன்.

முதல் தீர்மானத்தின்படி இணைப்பின் வேகத்தை இரண்டு மடங்காக்கினோம். பீரோவுக்குள் வேகம் இரண்டு மடங்கானது.

அடுத்து, சிக்னலைத் தூரத்துக்குக் கடத்தும் இன்னொரு பெட்டி வாங்கினோம். அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்ல சாமான்டா. வெளியில வச்சா தூசி அடையும்" என்றார். அதுவும் உள்ளே போனது. பூட்டிய பீரோவில் இரண்டு பெட்டிகளும் ஒன்றோடொன்று மிகச் சிறப்பான தொடர்பில் இருந்தன.

பத்தாவது கூட்டத்தில்தான் தங்கச்சி முதல்முறையாக வாய் திறந்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. வேறு ஊரில், தங்க இடமும் அவர்களே தருவார்கள். வரும் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல்.

"அரை மணி நேரம்தாண்ணா. நடுவுல கட்டாச்சுன்னா அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

"உனக்கு எதுக்கும்மா வேலை? இங்க என்ன குறை?" என்றார் அண்ணன்.

"சிக்னல்தாண்ணா."

இது குறும்பா குறையா என்று தெரியாததால் நான் பதிவு செய்யவில்லை.

ஆனாலும் குழு கைகட்டி நிற்கவில்லை. இணைய நிறுவனத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். பீரோவைத் திறந்து காட்டியதும் அவர் போர்வையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சார், இரும்புக்குள்ள பூட்டி வச்சா எப்படி சார் சிக்னல் வெளியில வரும்?"

"பின்னாடி ஓட்டை போட்டிருக்கோமே, பாக்கலையா?"

"அது வயர் போற ஓட்டை சார்."

"வயர் இவ்வளவு தடியா இருக்கு, அதே போயிடுது. கண்ணுக்கே தெரியாத சிக்னலுக்கு என்ன கஷ்டம்?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அப்புறம் அவர் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். கடைசியில் நடு அறை வாசலில் நின்று, "இதான் சார் சரியான இடம். இங்க செவுத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டுங்க, எல்லா மூலைக்கும் போகும்" என்றார்.

"அந்த ரூம்லயா? அங்க இவ இருக்காளே" என்றார் அண்ணி.

"இருக்கட்டும் மேடம், பெட்டி சின்னதுதான். இடிக்காது."

டவர் தொண்டையைச் செருமினான். "அது சரி, நாளைக்கு சுவிட்ச் இவ கையில இருக்கும்ல? நமக்கு வேணும்னா இவகிட்ட போய் நிக்கணுமா?"

"நான் அதைத் தொடக்கூட மாட்டேன்" என்றாள் தங்கச்சி.

"நீ தொட மாட்டேம்மா, எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன் வாஞ்சையாக. "ஆனா நீ தொட்டிருப்பியோன்னு நாங்க நினைப்போம் பாரு. அந்தப் பழி உனக்கு எதுக்கு?"

தங்கையின் நலன் கருதிப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

வியாழக்கிழமை வந்தது. நேர்காணலுக்காக அவள் பீரோவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளக் குழு ஏகமனதாக அனுமதித்திருந்தது. அண்ணன் கண் பரிசோதனைக்குப் போயிருந்தார், டவர் வேலைக்கு. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தங்கச்சி லேப்டாப்போடு என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணா, சுத்தமா நின்னுடுச்சு. ஓட்டை வழியா பாத்தேன், சிவப்பு லைட் எரியுது. வெளி சுவிட்சை அணைச்சுப் போட்டும் வரல, பெட்டியில இருக்கிற பட்டனை அமுக்கினா வந்துடும்."

"பீரோ பூட்டியிருக்கும்மா."

"உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்குல்ல?"

இருந்தது. செயலாளர் என்ற முறையில் மாற்றுச் சாவி என் சட்டைப்பையில்தான் எப்போதும் இருக்கும். அதை அவசர காலத்தில் மட்டும், குழுவின் தீர்மானத்தோடு பயன்படுத்தலாம் என்பது விதி.

"தீர்மானம் இல்லாம நான் எப்படிம்மா திறக்க முடியும்? நாளைக்கு அண்ணன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப இப்பவே கூட்டம் போடுங்க."

"மூணு பேர் வேணுமே."

அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்ப்பக்க சலவைக் கடைக்குள் போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொங்குகிற சட்டைகளுக்கு நடுவில் அவளுக்கு ஒரு முக்காலி கிடைத்தது. சலவைக்காரர் பாஸ்வேர்டைச் சொன்னார் போலிருக்கிறது. அதோடு, சத்தம் வரக் கூடாதென்று மெஷின்களையும் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் வாசலில் வந்து நின்றார். எந்தக் குழுவையும் கலந்தாலோசிக்காமல் இப்படிச் செய்வது அவரவர் வளர்ப்பைப் பொறுத்தது.

வேலை கிடைத்துவிட்டது. பத்தாம் நாள், வந்த அதே ஒரு பெட்டியோடு கிளம்பினாள். வாசல் வரைக்கும் போய் எல்லோரும் கையசைத்தோம்.

அன்று மத்தியானமே அண்ணி சாதாரணமாகச் சொன்னார்: "ரூம் இப்ப காலிதானே. அந்தப் பெட்டியை அங்க மாட்டிட்டா என்ன?"

"அதானே" என்றார் அண்ணன். சாவியைக் கொடுத்தார். டவருக்கு ஏணிகூடத் தேவைப்படவில்லை. ஓர் ஆணி, நாலு நிமிஷம். பதினொரு கூட்டங்களில் முடியாதது கூட்டமே இல்லாமல் முடிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் சிக்னல் இல்லாத மூலையே கிடையாது. குளியலறையில்கூடப் படம் நிற்காமல் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதின்மூன்று பேரும் நடு அறையில் கூடி, தங்கச்சிக்கு வீடியோ கால் போடுகிறோம். மணி அடிப்பது பக்கத்து அறையில் அடிப்பதுபோல அவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது. அடித்து அடித்து அதுவாகவே நின்றுவிடுகிறது.

"பாவம், அவ இருக்கிற இடத்துல சிக்னல் சரியில்ல போல" என்கிறார் பெரியண்ணன்.

ஒவ்வொரு வாரமும் அதை அப்படியே நோட்டில் பதிவு செய்து, கீழே 'செயலாளர்' என்று கையெழுத்துப் போடுகிறேன். பூட்டி வைப்பதற்கு இப்போது பீரோவில் சிக்னல் இல்லை. சாவி மட்டும் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.