அக்கா அனுப்பிய எஃகுக் கல்

ஹாமில்டன், விக்டோரியா
ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை காலை

அன்பும் மரியாதையும் நிறைந்த ஏவிஸ் அக்காவுக்கு,

தம்பி டெஸ் எழுதுவது. இடது முழங்கால் நீங்கலாக மற்ற எல்லா உறுப்புகளும் நலம். பல்லாரட்டில் நீயும் கோலின் அத்தானும் அத்தானின் கோழிகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். இங்கே ஓயாத தூறல். நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது, அதற்கு என் மனமார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தில் ஒரு தீயணைப்பு வண்டியும் வரும், நீ பயந்துவிடாதே. யாருக்கும் காயமில்லை. பக்கத்து வீட்டு நெவிலின் மானம் மட்டும் கொஞ்சம் போனது. அது முன்பும் அப்படியொன்றும் அதிகமாக இருந்ததில்லை.

பெட்டியைப் பிரித்ததும் உள்ளே என்ன இருந்தது என்று உனக்கே தெரியும். இரண்டு பர்னரையும் மூடுகிற நீளத்தில், இரண்டு பக்கமும் காது வைத்து, ஓரத்தில் கொழுப்பு வடிய வாய்க்கால் வெட்டி, முகம் பார்க்கிற மாதிரிப் பளபளவென்று, அடுப்பில் வைத்துச் சுடுகிற ஒரு எஃகுக் கல். தூக்கி மேசையில் வைப்பதற்குள் முழங்கால் என்னைக் கேள்வி கேட்டது. இந்த முதியோர் குடியிருப்பில் யார் வீட்டுக்குப் பார்சல் வந்தாலும் கெட்டில் கொதிப்பதற்கு முன்னால் நெவில் வந்து நிற்பான். நாற்பது வருஷம் ரயிலில் கார்டு வேலை பார்த்தவன், ஒரு பெட்டியையும் திறந்து பார்க்காமல் விட அவனுக்கு மனசு வராது. "என்னடா டெஸ், இப்பவே உனக்குக் கல்லறைப் பலகை அனுப்பிட்டாங்களா? பேரு வெட்ட மறந்துட்டாங்க போல" என்றான். கூடவே வந்த தாளில் கொட்டை எழுத்தில் 'சமைக்கும் முன் கல்லை நன்றாகப் பழக்கவும்' என்று போட்டிருந்தது. எப்படிப் பழக்குவது என்பது அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. நான் கண்ணாடி தேடப் போன நேரத்தில் என் நாய் பிப் அந்தத் தாளைத் தின்று முடித்துவிட்டது. அக்கா, ஆயுசு முழுக்க ஆட்டுமந்தைக்கு நாய் பழக்கியவன் நான். சொன்ன பேச்சுக் கேட்காத நாயென்றால் பசியைப் பார்த்து, பயத்தைப் பார்த்து, எதில் மசியும் என்று கண்டுபிடித்துவிடுவேன். இரும்புக்குப் பசியுமில்லை, பயமுமில்லை. இதை எதைக் காட்டிப் பழக்குவது என்ற யோசனையிலேயே டீ ஆறிப்போனது.

முதலில் கல்லை அடுப்பில் உட்கார வைப்பதே பெரிய கூத்தாகிவிட்டது. ஓர் எண்ணம் தோன்றி அதன் மேல் ஒரு முட்டையை வைத்துப் பார்த்தேன். அது நேராகப் பின்பக்க வலது மூலைக்கு உருண்டு போய் வாய்க்காலில் படுத்துக்கொண்டது. கல் கோணலா, அடுப்பு கோணலா, இல்லை வீடே கோணலா? நெவில் ஓடிப் போய் ரசமட்டம் கொண்டு வந்தான். அது அவன் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, அதுவே கோணலாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். அதனால் அந்த முட்டையைத் தரையிலும் உருட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். தரையின் சரிவைத் தெரிந்துகொள்வதற்குள் பிப் வந்து முட்டையை முடித்துவிட்டது. கடைசியில் ரசமட்டத்தையே நம்பி, அடுப்பின் பின்காலுக்கு அடியில் கூரைத் தகரத் துண்டு ஒன்றை மடித்து வைத்தேன். அடுத்த முட்டை வைத்த இடத்திலேயே நின்றது. இரண்டு கிழவர்களும் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். உனக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அடுப்பைப் பற்றவைத்ததும் மெழுகு நாற்றம் வந்தது. துரு பிடிக்காமலிருக்க ஏதோ பூசி அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அணைத்து, ஆறவிட்டு, வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, மறுபடி ஏற்றினேன். அக்கா, வெறும் கல் சூடேறும்போது நீ பார்த்திருக்கிறாயா? வெள்ளியாக இருந்தது வைக்கோல் நிறமானது, அப்புறம் செம்பழுப்பு, அப்புறம் ஓரத்தில் ஒரு மயில்கழுத்து நீலம் கிளம்பி நடுவை நோக்கி மெல்ல நகர்ந்தது. சாயம் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் சூடு! நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உஸ்ஸென்று காய்ந்து போகாமல் உருண்டையாகி, ஆட்டுப்பட்டிக்குள் விட்ட குட்டி நாய் மாதிரி அங்கும் இங்கும் ஓடியது. சூடு அதிகமானால் சீக்கிரம்தானே காய வேண்டும், இது ஏன் இவ்வளவு நேரம் பிழைத்து ஓடுகிறது? அத்தான் கோழி தவிர வேறு ஏதாவது படிப்பவராக இருந்தால் கேட்டு எழுது.

நீலத்தைப் பார்த்த உற்சாகத்தில்தான் புத்தி கெட்டது. கருப்பான கல்லில்தான் ஒட்டாது, கருப்பாவது எண்ணெயால்தான் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். கொஞ்சம் எண்ணெய் நல்லதென்றால் நிறைய எண்ணெய் இன்னும் நல்லதுதானே என்று குளம் மாதிரி ஊற்றினேன். மூலைக்கு வருவதற்குள் டின் காலியாகிவிட்டதால், அங்கே மட்டும் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இரண்டு பர்னரையும் முழுசாகத் திறந்து விட்டேன். ஜன்னல் சாத்தியிருந்தது, வெளியே அந்தக் குளிர். அடுப்புக்கு மேலே சிம்னி விசிறி இடி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது, அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் புகை மூடி என் கையே எனக்குத் தெரியவில்லை. அலாரம் அலறியது. என் வீட்டு அலாரம் அலறினால் குடியிருப்பு முழுவதும் சேர்ந்து அலறும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தால் தூறலில் எல்லாரும் கம்பளி அங்கியோடு வரிசையாக நிற்கிறார்கள். நெவில் பாதிக் குளியலில் எழுந்து வந்திருந்தான், இடுப்பில் முகம் துடைக்கிற சின்னத் துண்டு.

எங்கள் கமிட்டித் தலைவி இசபெல் டிரான்டரைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். இன்றைக்கும் அவள் நடந்து வந்தால் எல்லாரும் போர்வையைச் சரிசெய்துகொள்வார்கள். தலையில் சுருள் குழாய்களோடு நின்று தலைகளை எண்ணி முடித்து, என்னிடம் வந்தாள்.

"மிஸ்டர் டெஸ்மண்ட், உள்ள என்ன செய்றீங்க?"

"கல்லைப் பழக்குறேங்க."

"கல்லை."

"ஆமாங்க. இன்னும் படியலை."

அவள் என் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள் அக்கா, சத்தியமாக! அதற்குள் தன்னார்வத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. காப்டன் கெர்ரி என்கிற பெண், கனத்த பூட்ஸோடு உள்ளே போய், ஜன்னலைத் திறந்து, கல்லைப் பார்த்து, வெளியே வந்து, "தீயெல்லாம் ஒண்ணுமில்லம்மா, எண்ணெய் காஞ்ச புகை. பெரியவரே, அடுத்த தடவை ஆட்டுக்கறி சாப்ஸோட கூப்பிடுங்க, இப்படி வெறும் வயித்துல இழுத்தடிக்காதீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், டிரான்டர் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை கமிட்டி கூடும். இனிமே எந்த வீட்டுலயும் காஸ் வேண்டாம், ஆளுக்கொரு மைக்ரோவேவ் போதும்னு தீர்மானம் கொண்டு வரப்போறேன்" என்றாள்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுப்பில்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? சாயங்காலம் ஐந்தரைக்கு ஹாலில் மணியடித்தால் போய் வரிசையில் நின்று மசித்த பூசணி வாங்கிச் சாப்பிட வேண்டும். அதற்கு உன் வீட்டுப் பின்னறையே மேல். ஆனால் அத்தான் காலை மாலை கோழிகளின் வயிற்றுப்போக்கை எனக்கு விளக்குவாரே என்பதை நினைத்ததும் எப்படியாவது இங்கேயே பிழைத்தாக வேண்டும் என்று எழுந்தேன். என்னால் மற்றவர்களுக்கும் அடுப்பு போகப் போகிறது, எதிர் வீட்டுக்காரர்கள் அன்று என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை.

கல் ஆறியிருந்தது. நடுவில் விரலை வைத்தால் ஈ பிடிக்கிற தாள் மாதிரி ஒட்டியது, நெவில் அதன் மேல் வைத்த செய்தித்தாளின் வானிலைப் பக்கம் அங்கேயே தங்கிவிட்டது. ஆனால் அந்த எண்ணெய் பற்றாத மூலை இருக்கிறதே, அது மட்டும் கறுத்து, இறுகி, வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அந்த மூலையை எவ்வளவு நேரம் தடவினேனோ தெரியாது. குறைவாகப் போட்ட இடம் படிந்திருக்கிறது, கொட்டிக் கொடுத்த இடம் கெட்டுப்போயிருக்கிறது! இரும்பு நாரால் நடுவைத் தேய்த்து எடுத்து, இந்தத் தடவை ஜன்னலை முழுக்கத் திறந்து, எண்ணெயைப் பூசி, பூசியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டுச் சூடேற்றினேன். புகை கொஞ்சமாக எழுந்தது. மேலே போய், சிம்னியைத் தொட்டு, யூ-டர்ன் அடித்து என் முகத்துக்கே வந்தது.

"டேய் நெவில், விசிறி இவ்வளவு கத்துதே, புகை ஏன்டா உள்ள போகல?"

"பழசாயிடுச்சு. நம்மள மாதிரி. சத்தம் மட்டும்தான்."

ஒரு காகிதத் துண்டைச் சிம்னிக்கு அடியில் பிடித்தேன். விசிறி இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய காகிதம் பொத்தென்று கல்லில் விழுந்து கருகியது. ஸ்டூலில் ஏறி வலையைக் கழற்றிப் பார்த்தால், அக்கா, தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறை வலையை இறுக்க மூடிக்கொண்டு அப்படியே இருக்கிறது! கட்டிய நாளிலிருந்து யாரும் உரிக்கவில்லை. நெவில் தன் வீட்டுக்கு ஓடினான். அங்கேயும் உறை. ஒவ்வொரு கதவாகத் தட்டினோம், எல்லா வீட்டிலும் உறை. இத்தனை வருஷமாக எல்லாரும் விசிறியைப் போட்டுவிட்டு அவரவர் புகையை அவரவரே குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை கூட்டத்தை என் சமையலறையிலேயே வைத்துக்கொள்ளக் கேட்டேன். டிரான்டர் வேண்டுமென்றே ஒப்புக்கொண்டாள், என் குற்றத்தை எல்லாரும் நேரில் பார்க்கட்டும் என்று. உறையை உரித்துவிட்டு வலையைத் திரும்ப மாட்டியிருந்தேன். கல் அதற்குள் மெல்லிய எண்ணெயும் சூடுமாகப் பல சுற்று பார்த்து, முக்கால்வாசிக் கருப்பாகியிருந்தது. பெரிய பர்னர் பக்கம் சூடு அதிகம், சின்னது பக்கம் குறைவு. முதலில் குறை என்று நினைத்தேன், இப்போது அதுதான் வசதி, சாப்ஸ் இங்கே, முட்டை அங்கே, வெங்காயம் நடுவில். சாப்ஸை வைத்ததும் எழுந்த சத்தத்தில் கமிட்டி உறுப்பினர்கள் தீர்மானத்தை மறந்து கழுத்தை நீட்டினார்கள். டிரான்டர் கரண்டியை எடுத்து ஒன்றைத் திருப்பப் பார்த்தாள். வரவில்லை.

"பாத்தீங்களா? ஒட்டுது" என்றாள், வெற்றியோடு.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க. வெந்ததும் அதுவே விட்டுக் கொடுக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அது இறைச்சிக்குத்தாங்க தெரியும்."

உத்தரவு போட்டே பழகியவளுக்கு ஒரு சாப்ஸுக்காகக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று பார்த்தேன். கரண்டியைப் பிடித்தபடி மூச்சை அடக்கி நின்றாள். மறுபடி தொட்டாள், தானாகக் கழன்று வந்தது. அடியில் தேன் நிறத்தில் முறுகல். நான் சின்ன பர்னர் பக்கம் முட்டையை உடைத்து ஊற்றினேன். ஓரம் வெள்ளையானதும் காதைப் பிடித்துக் கல்லை லேசாக ஆட்டினேன். முட்டை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. டிரான்டர் மூக்கு முட்டையில் படுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"எப்படி நகருது இது? அடியில என்ன இருக்கு?"

"அதாங்க எனக்கும் தெரியல. எண்ணெயா இருந்தது, இப்ப எண்ணெய் இல்ல. வேற என்னவோ ஆயிடுச்சு."

"இன்னொண்ணு உடைங்க. நான் ஆட்டுறேன்."

அவள் முட்டைகளாக ஆட்டிக்கொண்டே இருந்தாள், நாங்கள் தின்றுகொண்டே இருந்தோம். அலாரம் முனகக்கூட இல்லை. அப்புறம் நான் உரித்து வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டினேன். அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்போ என் திரைச்சீலையில வர்ற மீன் நாத்தம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். தீர்மானம் ஓட்டுக்கு விடப்பட்டது. காஸ் இருக்கட்டும் என்பதற்கு நெவில் இரண்டு கையையும் தூக்கினான், ஒன்றில் சாப்ஸ் இருந்ததால் அது செல்லாது என்று டிரான்டர் தீர்ப்புச் சொன்னாள். காஸுக்கு விழுந்த முதல் ஓட்டு அவளுடையதுதான், அடுப்புகள் தப்பின. இன்று காலை எதிர் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வணக்கம் சொல்லிவிட்டார்.

ஆகவே அக்கா, நான் இங்கேயே இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். தம்பிக்கு என்ன தேவை என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்கிறது. இந்த உலகத்தில் இப்படி யோசித்து ஒரு பொருளை அனுப்ப உன்னைத் தவிர யாருமில்லை. அத்தானுக்கு என் அன்பு, கோழிகளுக்கு நல்ல முட்டை அமையட்டும். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமலும் மூட்டுகள் வலிக்காமலும் இருக்கக் கோருகிற,

உன் தம்பி
டெஸ்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகும்போது உன் போன் வந்தது. பேசும்போது வாயடைத்துவிட்டதால் பதிலை இங்கே எழுதுகிறேன். நீ முகவரிச் சீட்டை மாற்றி ஒட்டியதும், இந்தக் கல் உன் பேத்தி பிரையோனியின் கல்யாணப் பரிசு என்பதும், எனக்காகப் பின்னிய இரண்டு ஜோடிக் கம்பளிக் கால்சட்டைகளை அந்தப் பெண் மாமியார் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் பிரித்துத் தூக்கிக் காட்டினாள் என்பதும் கேட்டு மிகவும் வருந்துகிறேன். அடுத்த பஸ்ஸிலேயே கல்லைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாய். பளபளப்பு போய்க் கரிக்கட்டையாக இருக்கிறது என்பதால் மட்டும் மறுக்கவில்லை. சனிக்கிழமை டிரான்டர் பான்கேக் ஊற்றிப் பழக வருகிறாள், கெர்ரியும் ஆட்களோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கால்சட்டையை மாப்பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும், நீளம் போதாவிட்டால் ஈரமாக இருக்கும்போது இழுத்து விடச் சொல். மேலே உனக்குச் சொன்ன நன்றிகள் அத்தனையையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கல்லை மட்டும் கேட்காதே.