நம்பிக்கையை ஒழிக்க வந்த மண்டிக்காரர்

ஒரு மனிதர் இன்னொரு மனிதரை நம்பாமலேயே ஆயுள் முழுவதும் வியாபாரம் செய்துவிட முடியுமா? தத்துவம் படித்தவர்கள் இதை நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசிப்பார்கள். தர்மபுரியில் புளி மண்டி வைத்திருக்கும் மாதவராஜ் முதல் போட்டு யோசித்தார்.

இந்த இனத்துக்குச் சாட்சிப் பிரியர் என்று பெயர் வைக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு, எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுப்பவர். போனில் பேசி முடித்ததும் பேசியதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வரும்வரை சாப்பாட்டில் கை வைக்காதவர். பூட்டை இழுத்துப் பார்த்து, மனைவியையும் இழுத்துப் பார்க்கச் சொல்லி, இழுத்தாள் என்பதற்கு மகனைச் சாட்சியாக நிறுத்துபவர். கெட்டவரா? இல்லை. உலகம் தன்னை ஏமாற்றுவதற்கென்றே காத்திருக்கிறது என்று நினைக்கிறார். உலகத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்குப் பிளாக்செயின் கிடைத்தால் என்ன ஆகும்? கோயம்புத்தூரில் அதைப் பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போன மாதவராஜ் வேறு ஆளாகத் திரும்பி வந்தார்.

"ஒருத்தர் பில்லு போட்டா சங்கிலியில இருக்கற எல்லாரு கம்ப்யூட்டர்லயும் ஏறிடும். அழிக்க முடியாது, திருத்த முடியாது. ஏத்துக்கறேன்னு நான் பொத்தான அமுக்குனா பேங்க்லருந்து பணம் தானா போயிடும். மாட்டேன்னு அமுக்குனா காரணம் எழுதணும், அதையும் எல்லாரும் பாப்பாங்க. இனிமே யாரும் யாரையும் நம்பத் தேவையில்லீங்க."

மண்டித் தெருவில் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் சொன்னார். சாவு வீட்டிலும் சொன்னார். மாவட்டத்து மண்டிக்காரர்கள் பலர் சங்கிலியில் சேர்ந்தார்கள். புரிந்துதான் சேர்ந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

மாதவராஜுக்குப் புளி அனுப்பி, சங்கிலியிலும் சேர்ந்தவர்களில் ஒருவர் அருள்ராணி. ஏரியூரில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் கொட்டாய் வைத்திருப்பவர். மாதவராஜ் அவருடைய ஒவ்வொரு மூட்டைக்கும் ஈரக் கழிவு என்று எடையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். பங்குனி வெயிலில் புளி சருகாகக் காய்ந்து வந்தாலும் கழிவு கழிவுதான். அருள்ராணியும் அதற்குத் தக்கபடி விலையைக் கொஞ்சம் ஏற்றியே சொல்வார். இவர் பொய்க்கும் அவர் பொய்க்கும் சரியாகப் போய்விடும். இருவருக்கும் தெரியும், இருவரும் வாய் திறந்ததில்லை. இப்படி இரண்டு பொய்கள் முட்டுக் கொடுத்து ஒரு நியாயத்தை நிமிர்த்தி வைத்திருப்பதற்குத்தான் வியாபாரத்தில் பழக்கம் என்று பெயர்.

சங்கிலிக்காகக் கம்ப்யூட்டரில் இணைத்த எடைமேடைக்குப் பழக்கம் ஏது? அருள்ராணியின் முதல் லோடு வந்ததும் உள்ள எடையை உள்ளபடி ஏற்றிவிட்டது. அவர் பில் ஏற்றிச் சொன்ன பழைய விலையிலேயே நின்றது. ஒரு பொய் ஒழிந்தது. மற்றது தனியாக நின்றது.

ஏற்றால் மாதவராஜுக்கு நஷ்டம். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். என்னவென்று எழுதுவார்? காய்ந்த புளிக்கு இத்தனை வருஷம் ஈரக் கழிவு பிடித்தேன் என்றா? மண்டித் தெருவே படிக்கும். அழிக்கவும் முடியாது. ஆகவே அவர் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. மனிதர்களை நம்பாதவர், இப்போது தன் விரலையும் நம்பவில்லை.

கொட்டாய்ப் பெண்களுக்குச் சனிக்கிழமை கூலி. வெள்ளிக்கிழமை மத்தியானம் அருள்ராணி மண்டிக்கே வந்துவிட்டார். தன்னிடம் புளி தட்டும் காசியம்மாளையும் கூட அழைத்து வந்திருந்தார்.

"என்னாங்ணா, பணம் தானா வரும்னீங்க?"

"சிஸ்டத்துல நிக்குதும்மா."

"சிஸ்டத்த நிறுத்தி வெச்சிருக்கறது யாருங்ணா?"

மாதவராஜ் குரலைத் தாழ்த்தினார். "வெலையக் கொறச்சு வேற பில்லு போடு, அருளு."

"போடறங்ணா. ஏன் கொறச்சன்னு அதுலயும் ஒரு கட்டம் கேக்குது. நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதிக்கறன்."

மாதவராஜ் மின்விசிறியைப் பார்த்தார்.

"பொத்தான அமுக்கக் கையி நோவுதுங்களா மொதலாளி?" என்றார் காசியம்மாள். "எதுன்னு காட்டுங்க, நான் அமுக்கறன். நாளெல்லாம் புளி தட்டற கையி, இது ஒண்ணும் பெரிசில்ல."

அருள்ராணி சிரிக்கவில்லை. "நாளைக்குக் கூலி குடுக்கலன்னா திங்கக்கெழம எங்கொட்டாய்ல ஒரு ஆளு நிக்காதுங்ணா. செங்கச் சூளைக்குப் போயிடுவாங்க. கொட்டாய மூடிட்டு நானும் பின்னாடியே போவ வேண்டியதுதான்."

இந்த இடத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் நிறுத்தி உங்கள் போனைத் திறந்து பாருங்கள். தம்பிக்கு எப்போதோ பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் அதில் கிடக்கிறதா? ஏன் இன்னும் அழிக்கவில்லை? பதில் யோசிக்க நேரமானால், உங்களுக்கும் மண்டித் தெருவில் ஒரு கடை பார்க்கலாம்.

மாதவராஜ் அன்று ஏற்கும் பொத்தானை அமுக்கினார். முழு எடை, முழு விலை. சனிக்கிழமை கூலி கிடைத்தது. இதற்காக அவரைப் புகழ மாட்டேன். வேறு வழி இல்லாதபோது செய்வதற்கு நேர்மை என்று பெயர் கிடையாது.

ஆனால் அடுத்த லோடு வந்தபோது எடைமேடைப் பக்கம் திரும்பிய அருள்ராணியின் வண்டியை அவரே கை காட்டி நிறுத்தி, நேராகக் கிடங்குக்குப் போகச் சொன்னார். "எவ்வளவும்மா இருக்கும்?" என்று கேட்டார். அந்தம்மா பழைய ஈரக் கழிவைத் தானே குறைத்து ஒரு எடை சொன்னார். அதையே சங்கிலியில் ஏற்றி, பொத்தானையும் அமுக்கினார். மற்ற வண்டிகள் எல்லாம் இன்றும் மேடை ஏறித்தான் இறங்குகின்றன. அந்த வண்டி மட்டும் ஏறுவதில்லை. ஏன் என்று அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.