சொட்டு அண்ணனும் கரித்துணியும்

தண்ணீரோடு சொந்தப் பகை வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே எங்கள் சொட்டு அண்ணன் ஒருவர்தான்.

இரண்டாயிரங்களில் அருள்புரத்தில் ஒரு ஃபினிஷிங் யூனிட்டில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். துணியில் தண்ணீர் ஒட்டாமலிருக்க மருந்தில் முக்கி, ரோலரில் பிழியும் மெஷினை ஓட்டியவர் அவர். சட்டைப்பையில் எப்போதும் இங்க் ஃபில்லர் இருக்கும். எதைக் கண்டாலும் ஒரு சொட்டு விடுவார். உருண்டால் சிரிப்பார். ஊறினால் முகம் வாடிவிடும்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டுச்சட்டையில் விட்டுவிட்டு, "ஊறுதுங்களே மாப்ள" என்று துக்கம் விசாரித்தார். மேனேஜர் குனிந்தபோது வழுக்கையில் விட்டார். "ஏ ஒன் குவாலிட்டிங்க சார்!" அந்த ஒரு வாரம் மட்டும் அவரை பாய்லர் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து கல்லூரி டீச்சர் ஒருவர் இரண்டு கறுப்புத் துண்டுகளோடு வந்தார்.

"கரித்துணிங்கண்ணா. ஹைட்ரஜன்ல கரண்ட் எடுக்கற செல்லுக்குள்ள வைக்கறது. உள்ள தண்ணி உண்டாகும். துணி அதைக் குடிச்சா காத்து போற வழி அடைச்சுக்கும், கரண்ட் நின்னுரும். நான் கையில முக்குனா மருந்து திட்டுத்திட்டா புடிக்குதுங்க. ஒரே முக்கு, சீராப் பிழிஞ்சு குடுங்க."

டீச்சருடைய ஆராய்ச்சிப் பட்டமே அதில்தான் இருந்தது. வேறு துணி கிடையாது. ஒரு துண்டையும் வெள்ளை மருந்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஒரே முக்கா? சாம்பிளாச்சே கண்ணு!" என்றார் அண்ணன் என்னிடம். எங்கள் ஊர் வழக்கம் அது. லாரியில் போகும் சரக்கு எப்படியோ, ஆர்டர் தரும் பையருக்குப் போகும் சாம்பிளுக்கு எல்லாமே கூடுதல். நாலு முக்கு கொடுத்தார். சொட்டு கோலிக்குண்டு மாதிரி ஓடியது.

துணியை வாங்கிப்போன டீச்சர் சில நாளில் திரும்பி வந்தார்.

"தண்ணி ஒட்டலீங்கண்ணா. கரண்டும் வரலீங்க. மருந்து ஓட்டையெல்லாம் அடைச்சிருச்சு. எத்தன முக்குங்க?"

அண்ணன் மெஷினைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சாம்பிளுங்க அம்மிணி..."

மிச்சமிருந்த ஒரே துண்டை டீச்சர் நீட்டினார்.

இந்த முறை ஒரே முக்கு. சொட்டு விட்டால் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகுதான் உருண்டது. அண்ணனின் கை மறுபடி மருந்துத் தொட்டிக்குப் போனது. யாரிடமும் அதிகம் பேசாத நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்படி அரைகுறையா எப்படிக் குடுக்கறது கண்ணு?"

"குடுத்துருங்கண்ணா."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார்.

சில நாள் கழித்து டீச்சர் அவரைக் கல்லூரிக்கு அழைத்தார். செல்லில் மாட்டியிருந்த பொம்மை ஃபேன் சுற்றியதாம். குழாய் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பிறந்ததாம். அண்ணன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

மூடிய கையோடு பஸ் ஏறி நேராக யூனிட்டுக்கு வந்து, எங்கள் முன்னால் விரித்தார். "நம்ம துணியில பொறந்த தண்ணிங்க!"

கை காய்ந்து கிடந்தது. ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தோம். மேனேஜரும் தொட்டார்.

"ஆமாங்கண்ணா, ஈரமாத்தான் இருக்குது" என்றோம்.