சம்பந்தியாரும் ஆமிக் காம்பும்

பென்டில் ஹில்,
சிட்னி.

பெருமதிப்புக்குரிய மகேந்திரராஜா அத்தானுக்கு,

சிறிதரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் யோகாவும் பிள்ளை நிரூபாவும் சுகம். அங்கு அக்காவின் முழங்காலும் உங்கள் கோபமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிய ஆவல்.

கல்யாண விசயம் போனில் கதைக்கிற விசயமில்லை, எழுத்தில் வரவேண்டும் என்று நீங்கள் சொன்னபடியால் எழுதுகிறேன். நிரூபா விரும்பியிருக்கிற டானியல் என்ற வெள்ளைக்காரப் பொடியனின் குடும்பத்தை விசாரிக்கச் சொன்னீர்கள். பொடியனில் குறையில்லை, புட்டைக் கையாலேயே குழைத்துச் சாப்பிடுகிறான். ஆகவே தகப்பனை விசாரித்தேன். பெயர் றொஜர். குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்கு என்னவென்றால், அந்தக் காலத்தில் ஆமிப் பட்டாளம் கூடாரமடித்த இடங்களைத் தேடிப்போய், மண்ணுக்குள் இரும்பு பித்தளை கிடந்தால் கத்துகிற மிசினால் தடவி, பழைய பொத்தான்களைக் கிண்டியெடுப்பது. பென்றித்துக்கு அப்பால் ஒரு பண்ணையில் அப்படி ஒரு இடம் இருக்கிறதாம், சனிக்கிழமை நீயும் வா என்றார். சம்பந்தியாகப் போகிறவர், மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

யோகா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தாள்.

"ஆமிக் காம்புக்கு ஆரும் தாங்களா வெளிக்கிட்டுப் போறவையோ?"

"இது பழைய காம்ப். ஆமி போய் எண்பது வருசமாம்."

"போனவங்கள் திரும்பி வரமாட்டாங்கள் எண்டு ஆர் சொன்னது?"

சனி காலை யோகா என் குடியுரிமைப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "ஏதும் கேட்டா ஒண்டும் தெரியாதெண்டு சொல்லுங்கோ, ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ" என்றாள்.

அங்கே புல்லும் நாலைந்து மாடும்தான். றொஜர் மிசினை என் கையில் தந்தார். நான் நல்லபடியாகத்தான் தடவிக்கொண்டு போனேன் அத்தான், திடீரென்று அது கீச்சென்று கத்தினது, அந்த மனுசன் கல்யாண வீட்டுக்குப் போறவர் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு மண்வெட்டியோட அந்த இடத்துக்கே ஓடி வந்தார், மிசின் கத்தின இடத்துக்கு ஓடுறவனை நான் என்ரை சீவியத்தில கண்டதில்லை, "காலை வைக்காதை!" எண்டு தமிழிலேயே கத்தி, இடுப்பிலை பிடிச்சு இழுத்து விழுத்திப்போட்டு அவருக்கு மேலை நானும் விழுந்தன். விழுந்தது சாணியிலை. மிசின் அவரின்ரை பெல்டு இரும்புக்குப் பக்கத்தில கிடந்து விடாமக் கத்த, நான் அவரை எழும்ப விடேல்லை. அந்த நேரம் பார்த்து யோகா எனக்குப் போன் எடுத்தாள், என்ரை பைக்குள்ள கிடந்த போன் தன்பாட்டிலை திறபட்டு நான் குளறுறதைக் கேட்டிட்டு நிரூபாவுக்குச் சொல்ல, நிரூபா டானியலுக்குச் சொல்ல, டானியல் அம்புலன்சுக்கு அடிச்சான். அம்புலன்ஸ் வந்த அவசரத்தில பண்ணை வாசல் படலையைச் சாத்தேல்லை, மாடு எல்லாம் பெரிய றோட்டிலை.

தோண்டிப் பார்த்ததில் வந்தது ஒரு கரண்டி.

ஏன் அப்படிச் செய்தாய் என்று றொஜர் கேட்டார். யுத்தத்துக்குப் பிறகு ஊரில் நாங்கள் மீளக் குடியேறப் போன நாளில் வீட்டு வளவு முழுக்க நட்டிருந்த தடிகளைப் பற்றிச் சொன்னேன். சிவப்புத் தடிக்கு அப்பால் மிதிவெடி, வெள்ளைத் தடிக்குள் மட்டும் நடக்கலாம் என்று சொன்னேன். மிதிவெடி தேடினவர்களின் கையில் இருந்ததும் இதே மிசின்தான் என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. அவர் எழும்பி, "எனக்குப் பின்னால வா, நான் கால் வைக்கிற இடத்தில மட்டும் வை" என்று கார் வரைக்கும் முன்னால் நடந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாணி பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சாணிக்குள் விழுத்தினவனோடு யார் சம்பந்தம் செய்வான்? அவர்கள் வேண்டாம் என்று சொல்ல முதல் நாங்கள் சொன்னால்தான் மரியாதை. ஆகையால் இந்தச் சம்பந்தம் சரிவராது என்று நீங்களே நிரூபாவுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். பிள்ளை அழுவாள். உங்களைத் திட்டிக்கொண்டு அழுதால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதம் எங்கள் எல்லோர் தலையிலும், கோபம் வழமைபோல் என் தலையில் மட்டும் விழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
சிறிதரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக வாசல் மணி அடித்தது. றொஜர். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அதே பண்ணைக்குப் போனார். படலையிலிருந்து மரத்தடி வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்ற் அடித்த தடிகள். பக்கத்தில் வாளி நிறையத் துருப்பிடித்த ஆணியும் தகரமும் பொத்தானும். இவ்வளவு நாளும் தினம் வந்து கிண்டியிருக்கிறார். "இனி இங்க ஒண்டும் கத்தாது, நடந்து பார் சிறி" என்றார். மிசினைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தேன் அத்தான். அது கத்தவேயில்லை. மரத்தடியில் இருந்து வாய்விட்டு அழுதேன். இந்த முறை சாணி என்று சொல்லவில்லை.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிடவும். நல்ல நாள் பார்த்து எழுதவும். நாளை திரும்பவும் ஆமிக் காம்புக்குப் போகிறோம். யோகா குடியுரிமைப் பத்திரத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இரண்டு பேருக்கும் புட்டுக் கட்டித் தருகிறாளாம்.